சிற்றூர்க் கேமராக்காரரின் கோடைக்காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிழைப்புக்கு வேறு வேலை, கிடைக்கிற நேரத்தில் கேமரா. இருப்பதோ எந்தத் தெருவுக்குப் போனாலும் தெரிந்த முகம் எதிர்ப்படும் சிற்றூர். இப்படிப்பட்டவர்கள் கோடை வந்ததும் என்னிடம் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். தொழில்முறைக் கலைஞர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கோடை படம் எடுக்க ஆகாத பருவம் என்று முடிவு கட்டியிருப்பவர்களோடுதான் எனக்கு வழக்கு.

எங்கள் ஊரில் படம் எடுக்க என்னதான் இருக்கிறது?

இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய கேமராப் படம் எங்கே எடுக்கப்பட்டது தெரியுமா? பிரான்ஸில் ஒரு கிராமத்து வீட்டின் மாடி ஜன்னலில். நிசெஃபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827ஆம் ஆண்டில் அந்த ஜன்னலிலிருந்து தெரிந்த கூரைகளையும் சுவர்களையும்தான் பதிவு செய்தார். மலையில்லை, அரண்மனையில்லை. தகடு பல மணி நேரம் வெளிச்சத்தில் இருந்ததால் கட்டடங்களின் இரண்டு பக்கங்களிலும் வெயில் அடித்திருக்கும். தன் வீட்டு ஜன்னலை விட்டு நகராத ஒருவரிடமிருந்துதான் இந்தக் கலை நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சுற்றுலா போகிறவருக்கு ஓர் இடத்தில் ஒரே ஒரு மாலை கிடைக்கும். அன்று மேகம் மூடினால் மூடியதுதான். உள்ளூர்க்காரருக்கு நாளை உண்டு, நாளை மறுநாளும் உண்டு. எந்தச் சந்துக்குள் எத்தனை மணிக்கு வெயில் நுழையும், எந்தக் கடைக்காரர் கதவைத் திறந்ததும் வாசலில் நின்று சோம்பல் முறிப்பார், எந்த மதில் மீது பூனை படுக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இது பெரிய சொத்து. அதைச் செலவழிக்காமல் வைத்துக்கொண்டு "இங்கே என்ன இருக்கிறது" என்று அலுத்துக்கொள்வது எனக்குப் புரிவதேயில்லை.

கோடையின் நடுவில் இன்னொரு வசதியும் சேர்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் வரை, சூரியன் உதிக்கும் இடமும் மறையும் இடமும் ஏறக்குறைய மாறுவதில்லை. பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களில் அந்த இடம் நாளுக்கு நாள் விலகிக்கொண்டே போகும். ஆகவே உச்சக் கோடையில் இன்று தவறிய வெளிச்சம் நாளையும் அதே சுவரில், அதே கோணத்தில் விழும். வெப்பமண்டல ஊர்களில் வெயில் அதற்குப் பல வாரங்கள் முன்பே உச்சத்தைத் தொட்டுவிடலாம். அங்கே இருப்பவர்கள் சூரியன் நகர்வதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் எட்டும் தூரத்தை எல்லையாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் பக்கவாட்டில் வெயில் விழும் நேரத்தைக் குறித்து வையுங்கள். முதல் வாரத்துக்கு அது போதும்.

படம் எடுக்க நல்ல நேரம் எது?

காலையும் மாலையும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 6 டிகிரி உயரத்துக்குள் இருக்கும்போது கிடைப்பதுதான் அந்தப் பொன்னிற வெளிச்சம். நிலநடுக்கோட்டின் அருகே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் அது 25 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 60 டிகிரி அட்சரேகையில், கோடையில், சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்கும். அங்கே ஒரு மணி நேரத்துக்கும் மேல் கிடைக்கும். வெளியூர்ப் புகைப்படக்காரர் எழுதிய "மாலை ஒரு மணி நேரம்" என்ற அறிவுரையை நம்பி நிதானமாகக் கிளம்பினால், வெப்பமண்டலத்தில் இருக்கிறவர் இருட்டில்தான் போய்ச் சேருவார்.

இரண்டில் எனக்குக் காலைதான் பிடிக்கும். தரை இன்னும் சூடேறியிருக்காது, காற்றில் தூசி அடங்கியிருக்கும், பூச்சிகள் விறைத்து உட்கார்ந்திருக்கும். மாலை வெளிச்சத்தைக் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் எடுப்பவருக்குத்தான் நாளெல்லாம் வெந்த களைப்பு இருக்கும்.

நடுப்பகலில் கேமராவை உள்ளே வைத்துவிட வேண்டியதுதானா?

வேண்டாம். நடுப்பகல் வெளிச்சம் கெட்டது என்பது பாதி உண்மை. முகங்களுக்கு அது கெட்டது: கண்குழியில் கருப்பு விழும், மூக்கின் கீழ் நிழல் தொங்கும், நெற்றி வெளுத்துப்போகும். ஆனால் சுவர், படிக்கட்டு, திரைச்சீலை, காயப்போட்ட துணி, சைக்கிளின் நிழல் ஆகியவற்றுக்கு அதைப் போல வேறொரு வெளிச்சம் கிடையாது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அலெக்ஸ் வெப் ஹெய்ட்டியிலும் மெக்சிகோ எல்லையிலும் எடுத்த வண்ணப் படங்கள் இந்தக் கடுமையான வெயிலை நம்பியே நிற்கின்றன. அவருடைய நிழல்களுக்குள் எதுவும் தெரியாது. தெரியக் கூடாது என்று விட்டிருக்கிறார். அந்தக் கருப்பே படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து அடுக்கிக் கொடுக்கிறது.

செய்முறை எளியது. வெளிச்சமான பகுதிக்கு ஏற்ப ஒளியளவை வைத்துவிட்டு நிழலைக் கருக்க விடுங்கள். கேமராவின் தானியங்கி முறை நிழலையும் காப்பாற்றப் பார்த்து வெயில்பட்ட இடங்களை வெளுக்க வைத்துவிடும். ஆகவே எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்துத் தொடங்குவது நல்லது. ஒளியை அளக்கும் மீட்டரே இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஃபிலிம் காலத்துப் பழைய கணக்கு ஒன்று உண்டு: மேகமற்ற வெயிலில் அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) எண்ணின் தலைகீழ். அதாவது ஐஎஸ்ஓ 100 என்றால் நொடியில் நூற்றில் ஒரு பங்கு. இன்றைய டிஜிட்டல் கேமராவிலும் இந்தக் கணக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும், ஏனென்றால் சூரியன் மாறவில்லை.

அடுத்தது நிற்கும் இடம். வெயிலும் நிழலும் வெட்டிக்கொள்ளும் ஒரு மூலையைப் பிடித்து, ஃபோகஸை அங்கே வைத்துவிட்டு, நிழலில் நின்று காத்திருங்கள். அந்தக் கோட்டை யாராவது கடப்பார்கள். நகரத்தில் நொடிக்கு ஒருவர் கடப்பார். நம் ஊரில் கால் மணிக்கு ஒருவர் கடந்தால் அதிகம், அதனால் அந்த ஒருவர் படச் சட்டத்துக்குள் தனியாகக் கிடைப்பார். பெருநகரத்து ஆள் இதற்காக ஏங்குவார்.

முகம்தான் வேண்டுமென்றால் ஆளை வாசற்படியின் நிழலுக்குள் கொண்டுவந்து, வெளியே பார்த்து நிற்கச் சொல்லுங்கள். எதிரே வெயில்பட்ட வெளிர்நிறச் சுவரோ தரையோ இருந்தால் அதிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் முகத்தை நிரப்பிவிடும், கண்ணிலும் ஒரு பொட்டு ஒளி விழும். எதிர்ச்சுவரில் பச்சை வண்ணம் அடித்திருந்தால் முகமும் பச்சையாகும், அதை மட்டும் கவனியுங்கள்.

கோடைக்கென்று போலரைசர் ஃபில்டர் வாங்கலாமா?

ஃபில்டர்களில் ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால் இதை வாங்கலாம். இலைகளின் பளபளப்பையும் தண்ணீரின் மினுக்கையும் இது செய்வதுபோல் கணினியில் பிறகு நீக்க முடியாது. வானத்தின் நீலத்தை ஆழமாக்குவது இரண்டாவது பயன்தான். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியிருக்கும் வானப்பகுதியில்தான் அதன் வேலை முழுமையாக நடக்கும். சுட்டுவிரலைச் சூரியனுக்கு நீட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக விரித்து, கையைத் திருப்பினால் கட்டைவிரல் காட்டும் திசைகளெல்லாம் அந்தப் பகுதி. உச்சி வெயிலில் அது அடிவானத்தை ஒட்டி வட்டமாக அமையும். அகலக்கோண லென்ஸில் போட்டால் வானத்தின் ஒரு பகுதி கருநீலமாகவும் இன்னொரு பகுதி வெளிறியும் வரும். அதை அழகு என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது விழுங்கும். மாலை மங்கியதும் கழற்றிவிடுங்கள்.

வெயிலில் கேமரா கெட்டுப்போகுமா?

பெரும்பாலான கேமராக்களுக்குத் தயாரிப்பாளர்கள் 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை என்று வரம்பு சொல்கிறார்கள். காற்றின் வெப்பம் 42 ஆனதும் கேமரா நின்றுவிடாது. ஆனால் கருப்பு உடல் நேர் வெயிலில் காற்றைவிட அதிகம் சூடாகும். கேனன் தன் பெரிய டெலிபோட்டோ லென்ஸ்களுக்கு வெளிர்நிறம் பூசுவதே இந்தச் சூட்டைக் குறைக்கத்தான். நாம் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தினால் அதே வேலை நடக்கும்.

நிறுத்தி வைத்த கார்தான் உண்மையான எதிரி. மூடிய காருக்குள் வெப்பம் வெளியே இருப்பதைவிட மிக விரைவாக ஏறும். பேட்டரியின் ஆயுள் குறையும், லென்ஸுக்குள் இருக்கும் மசகு இளகி அபெர்ச்சர் தகடுகளில் படியலாம். உணவு வாங்கப் போகும் பத்து நிமிடம்தானே என்று டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

சூரியனை நோக்கி லென்ஸைத் திறந்தபடி வைப்பது இன்னொரு ஆபத்து. பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கும் அதே வித்தைதான் உள்ளே நடக்கும். மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவில் ஷட்டர் திரையோ சென்சாரோ பழுதாகலாம். எடுக்காத நேரத்தில் மூடியைப் போடுங்கள். கண்ணாடி வழியாக நேரடியாகப் பார்க்கும் வியூஃபைண்டர் உள்ள கேமரா என்றால் சூரியனை அதன் வழியே பார்க்கவே கூடாது. போவது கண்.

வீடியோ நீளமாக எடுத்தால் சூடேறி நிற்கிறது என்கிறீர்களா? திரையை உடலிலிருந்து விலக்கித் திறந்து வையுங்கள், துண்டு துண்டாக எடுங்கள். அதற்குமேல் செய்ய அதிகம் இல்லை.

குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் மங்கிவிடுகிறதே?

வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. துடைக்கத் துடைக்க மறுபடியும் படியும். உள்ளேயும் படிந்திருந்தால் துணி அங்கே எட்டாது. அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டிவிடுங்கள். வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், கேமராவில் படியாது. விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் முதல் நாள் இரவே குளிர்சாதனம் இல்லாத அறையில் கேமராவை வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கோடையோடு புழுக்கமும் சேரும் ஊர்களில் பூஞ்சையைப் பற்றி யோசியுங்கள். காற்றோட்டமில்லாத தோல்பையில் மாதக்கணக்கில் கிடக்கும் லென்ஸில் நூல் நூலாகப் படரும், பிறகு கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிகா ஜெல்லும் போதும். அந்த ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி ஈரத்தைப் போக்கிவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம்.

தூரத்துப் படங்கள் தெளிவாக வரவில்லை. லென்ஸில் பழுதா?

காலையில் அதே இடத்தை எடுத்துப் பாருங்கள். அப்போது தெளிவாக வந்தால் குற்றவாளி கானல். சூடான தரைக்கு மேல் அடுக்கடுக்காக வெப்பம் மாறும் காற்று ஒளியை வளைத்துக் கலைக்கிறது. விலையுயர்ந்த லென்ஸ் வாங்கினால் அந்தக் கலங்கலைக் கூடுதல் துல்லியத்தோடு பதிவு செய்யலாம், அவ்வளவுதான். ஒரே வழி கிட்டே போவது. அல்லது அந்தக் கலங்கலையே படமாக்குவது: நீண்ட சாலையின் கோடியில் உருகி வரும் பஸ் எனக்குச் சலித்ததேயில்லை.

கைபேசி போதாதா?

போதும். ஒன்றுதான் தொல்லை. ஆப்பிள் தன் ஐபோன்களுக்குச் சொல்லும் வரம்பு 0 முதல் 35 டிகிரி. அதைத் தாண்டினால் திரை தானாக மங்கும், சில நேரம் ஃபிளாஷ் வேலை செய்யாது, கடைசியில் எச்சரிக்கை காட்டி ஒதுங்கிக்கொள்ளும். நேர் வெயிலில் கையில் பிடித்தபடி நடக்காமல், எடுத்ததும் பைக்குள் போட்டால் நாள் முழுதும் ஓடும்.

பூச்சிகளும் பறவைகளும் எடுக்க ஆசை. பெரிய லென்ஸ் இல்லை.

இதற்குக் கோடையைவிட நல்ல பருவம் இல்லை. லென்ஸைவிடப் பழக்கம் முக்கியம், உங்கள் பழக்கமும் அவற்றின் பழக்கமும்.

தும்பியிலிருந்து தொடங்குங்கள். வெளிச்சூட்டை நம்பி உடலைச் சூடாக்கிக்கொள்ளும் உயிர் அது. விடியலில் இறக்கையில் பனியோடு அசையாமல் இருக்கும், அப்போது சாதாரண லென்ஸோடும் மிக நெருங்கலாம். வெயில் ஏறிய பிறகு பறக்கும், ஆனாலும் பல வகைத் தும்பிகள் ஒரே குச்சி நுனிக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்காரும். பறந்துபோனதைத் துரத்தாதீர்கள். குச்சி மீது ஃபோகஸ் வைத்து நில்லுங்கள், வரும். உச்சி வெயிலில் சில தும்பிகள் வாலைச் சூரியனை நோக்கித் தூக்கித் தலைகீழாக நிற்பதுபோல் இருக்கும். விளையாட்டு அல்ல, உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ளும் தந்திரம். இதைத் தெரிந்துகொண்டு எடுக்கிற படத்துக்கும் தெரியாமல் எடுக்கிற படத்துக்கும் வேறுபாடு இருக்கும், ஏனென்றால் தெரிந்தவர் சூரியன் எங்கே இருக்கிறது என்பதையும் சட்டத்துக்குள் உணர்த்தப் பார்ப்பார்.

கண்மட்டத்துக்கு இறங்குங்கள். தும்பிக்குக் கண்மட்டம் என்றால் உங்களுக்கு முழங்கால் மட்டம், சில நேரம் வயிறு தரையில். உடைகளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் வேறு பொழுதுபோக்குத் தேடலாம்.

பறவைகளுக்கு ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கட்டும், நடுவில் ஒரு கல் இருக்கட்டும். பக்கத்தில் புதர் இருந்தால் பறவை தைரியமாக வரும், ஆனால் பூனை பதுங்கும் அளவுக்கு நெருக்கமாக வேண்டாம். தண்ணீரைத் தினம் மாற்றுங்கள், கொசு முட்டையிடாது. சில நாளில் வரவேண்டியவை வரத் தொடங்கும். ஜன்னலுக்குள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் நடுத்தர லென்ஸே போதும்.

கூட்டை மட்டும் விட்டுவிடுங்கள். தாய்ப்பறவை வெயிலில் முட்டை மீது உட்கார்ந்திருப்பது பல நேரம் சூடேற்ற அல்ல, நிழல் கொடுக்க. நீங்கள் நெருங்கி அது எழுந்துபோனால் முட்டைகள் நேர் வெயிலில் கிடக்கும். மறைக்கிறது என்று இலையை ஒடித்து விலக்கிப் படம் எடுப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அந்த இலைதான் அங்கே நிழல்.

தெரிந்தவர்களைப் படம் எடுக்கக் கூச்சமாக இருக்கிறது.

அந்நியர்களைவிட அறிந்தவர்களை எடுப்பது கடினம்தான். "எதற்கு?" என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். ஆனால் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஹீபர் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஸ்டூடியோ வைத்திருந்த மைக் டிஸ்ஃபார்மரைப் பாருங்கள். ஊர்க்காரர்களை, அலங்காரமில்லாத பின்னணியில், சிரிக்கச் சொல்லாமல் எடுத்தார். அவர் 1959இல் இறந்தார். எழுபதுகளில் அந்தக் கண்ணாடி நெகட்டிவ்கள் வெளிச்சத்துக்கு வந்தபோதுதான் அந்த ஊர் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டது, மற்றவர்களும் பார்த்தார்கள்.

தொடங்க எளிய வழி, எடுத்ததைக் கொடுப்பது. ஒரு படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, படத்தில் இருப்பவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த முறை அவர் "எதற்கு?" என்று கேட்கமாட்டார். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடுவார்.

கோடை விடுமுறையில் உறவினர்கள் கூடுவார்கள். அமெரிக்கரான நிக்கலஸ் நிக்சன் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஆண்டுக்கு ஒரு படம் என்று, அதே வரிசையில் நிற்கவைத்து எடுத்தார். இதற்கு வேண்டியது ஒரு கேமராவும் பிடிவாதமும். உங்கள் வீட்டிலும் செய்யலாம். முதல் ஆண்டில் அலுத்துக்கொள்வார்கள், ஐந்தாம் ஆண்டில் நீங்கள் மறந்தால் அவர்களே நினைவூட்டுவார்கள்.

குழந்தைகள் தெருவில் விளையாடும் படங்கள் கோடையில் நிறையக் கிடைக்கும். பெற்றோரைக் கேட்டுவிட்டு எடுங்கள். பொதுவில் வெளியிடுவதற்கு மறுபடியும் தனியாகக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு அனுமதிகள்.

இரவில் என்ன எடுக்கலாம்?

சிற்றூர்க்காரரின் உண்மையான செல்வம் இருட்டுதான். கடைசித் தெருவிளக்கைத் தாண்டி நடந்தால் பெருநகரத்தார் பல மணி நேரம் பயணம் செய்து தேடும் வானம் இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பால்வீதியின் மையப்பகுதி தனுசு விண்மீன் கூட்டத்தின் பக்கம் இரவில் தெரியும். அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுங்கள். முக்காலி, அகலக்கோண லென்ஸ், முழுதாகத் திறந்த அபெர்ச்சர், ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200. விண்மீன்கள் கோடாக நீளாதிருக்க, ஷட்டர் நேரத்துக்கு 500ஐ லென்ஸின் குவியத் தொலைவால் வகுக்க வேண்டும்: 24 மி.மீ. என்றால் 20 நொடி. சிறிய சென்சார் கேமராவானால் அதை மேலும் 1.5ஆல் வகுக்கவும். இன்றைய நுண்ணிய சென்சார்களில் விண்மீன்கள் அப்போதும் லேசாக நீளும், அதனால் நான் அந்தக் கணக்கு சொல்வதைவிடக் குறைவாகவே வைப்பேன்.

ஆகஸ்ட் 12, 13 தேதிகளை ஒட்டி பெர்சீட் எரிகற்கள் உச்சத்தில் இருக்கும். ஸ்விஃப்ட்-டட்டில் வால்மீன் விட்டுச்சென்ற துகள்களை பூமி கடக்கும் நேரம் அது. வட அரைக்கோளத்துக்குத்தான் இது வாய்ப்பானது. தெற்கே இருப்பவர்களின் கோடைக்கு டிசம்பர் நடுவில் ஜெமினிட் எரிகற்கள் உண்டு. ஒரே திசையில் கேமராவை வைத்து இடைவிடாமல் எடுத்துக்கொண்டே இருப்பதுதான் முறை. எது எப்போது விழும் என்று பார்த்து அழுத்தினால் கிடைக்காது.

நிலவைக் கட்டடத்தோடு சேர்த்து எடுக்க விரும்புகிறவர்கள் பௌர்ணமிக்கு முந்தைய நாளே போக வேண்டும். அன்று சூரியன் மறைவதற்கு முன்பே நிலவு எழுந்துவிடும். ஊரிலும் வெளிச்சம் மிச்சமிருக்கும், நிலவும் வெளுக்காது. பௌர்ணமியன்று நிலவு ஏறுவதற்குள் தரை இருண்டு, ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது போகும்.

கோடை மழையின் மின்னலுக்கு எஃப் 8, ஐஎஸ்ஓ 100, பத்து இருபது நொடி. ஆனால் வீட்டுக்குள்ளிருந்து மட்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குக் குறைவு என்றால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, திறந்த வெளியில் உலோக முக்காலியோடு நிற்பவர் உள்ளே ஓட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டும். மழை மாலையில் விட்டால் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள். சூரியன் 42 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் தரையில் நிற்பவருக்கு வானவில் தெரியும், ஆகவே நடுப்பகல் மழைக்குப் பிறகு அதைத் தேட வேண்டாம்.

வெயில் தாங்காத நாட்களில் வீட்டுக்குள் என்ன செய்வது?

சயனோடைப் என்ற நீலநிறப் பட அச்சைச் செய்து பாருங்கள். ஜான் ஹெர்ஷெல் 1842இல் கண்டறிந்த முறை. அதற்கு அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இந்த முறையில் பதிந்து நூலாக வெளியிடத் தொடங்கினார். கேமராவே வேண்டாம். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு வேதிப்பொருட்களையும் தனித்தனியே தண்ணீரில் கரைத்து, பிறகு கலந்து, மங்கிய வெளிச்சத்தில் காகிதத்தில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். அதன் மேல் இலையையோ பூவையோ வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால் நிறம் மாறத் தொடங்கும். சில நிமிடம் கழித்துத் தண்ணீரில் அலசினால் மஞ்சள் போய் நீலம் தங்கும். பொறியாளர்கள் ஒரு காலத்தில் வரைபடங்களைப் பிரதியெடுத்ததும் இதே முறையில்தான். இதற்குத் தேவை புற ஊதாக்கதிர். எல்லோரும் திட்டுகிற உச்சி வெயில் இங்கே முதல் தரமானது. கையுறை போடுங்கள், சமையல் பாத்திரங்களைத் தொடாதீர்கள், அமிலம் எதையும் அருகில் கொண்டுவராதீர்கள்.

மற்றபடி, சென்ற ஆண்டுப் படங்களை இந்த மதியங்களில் பிரித்து அடுக்கலாம். தேதியைக் கோப்பின் பெயரிலேயே முதலில் போடுங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதிகளாவது வைத்து, அதில் ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.

எடுத்த அன்றே தேர்ந்தெடுக்கலாமா?

கூடாது என்பது என் கட்சி. எடுத்த நாளில் நினைவு படத்தைவிடச் சத்தமாகப் பேசும். நியூயார்க் தெருக்களைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட் ஃபிலிம்களை உடனே கழுவாமல் நீண்ட நாள் கிடப்பில் போடுவார், எடுத்தபோது இருந்த மனநிலை தேர்வில் குறுக்கிடக் கூடாது என்பதற்காக. அவர் 1984இல் இறந்தபோது கழுவப்படாத சுருள்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஒரு மாதம் ஆறப்போட்டால் போதும்.

போட்டிகளுக்கு அனுப்புவது நல்லதா?

அனுப்பலாம். நடுவர்களுக்காக எடுக்கத் தொடங்கினால் நிறுத்திவிடலாம். ஜாக்-ஆன்ரி லார்டிக் சிறுவனாக இருந்தபோதே தன் குடும்பத்தையும் அதன் விளையாட்டுகளையும் கோடைக் கடற்கரைகளையும் எடுத்துக்கொண்டிருந்தார். பெரியவனானதும் தன்னை ஓவியர் என்றே கருதினார். 1963இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்தப் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது 69. அதுவரை அவை குடும்ப ஆல்பங்கள்தான்.

கோடை முழுவதும் தானாக நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலை சொல்லுங்கள்.

காலியான குளிர்பான டப்பாவைக் கழுவிக் காயவையுங்கள். நடுப்பகுதியில் ஊசியால் ஒரு சிறு துளை போடுங்கள், அரை மில்லிமீட்டருக்கு மிஞ்ச வேண்டாம். இருட்டறையில் கருப்பு வெள்ளைப் புகைப்படக் காகிதம் ஒன்றை உட்புறம் வளைத்துப் பொருத்துங்கள், துளையைக் காகிதம் மறைக்கக் கூடாது. மேலே ஒளி புகாதபடி மூடி, கருப்பு நாடாவால் சுற்றி, மழை இறங்காமல் பார்த்துக்கொண்டு, சூரியன் கடக்கும் வானத்தை நோக்கி ஒரு கம்பத்தில் அசையாமல் கட்டுங்கள். நீண்ட பகல் உள்ள நாளில் தொடங்கி ஆறு மாதம் விட்டால் சூரியனின் பாதை நாளுக்கு ஒரு கோடாகப் பதியும். மேகம் மூடிய நாட்கள் இடைவெளிகளாக இருக்கும்.

காகிதத்தைக் கழுவக் கூடாது, வேதிக் கரைசல் எதிலும் போடக் கூடாது. மங்கிய வெளிச்சத்தில் வெளியே எடுத்து உடனே ஸ்கேன் செய்து, கணினியில் நெகட்டிவை பாசிட்டிவ்வாக மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்கேனரின் விளக்கே காகிதத்தை மேலும் கருக்கும் என்பதால் அமைப்புகளை முன்பே சரிபார்த்து முதல் முறையிலேயே முடித்துவிட வேண்டும். இரண்டு மூன்று டப்பாக்களை வெவ்வேறு இடங்களில் கட்டுவது நல்லது. ஒன்றையாவது யாராவது குப்பை என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள். உரிமையாளரிடம் சொல்லிவிட்டுக் கட்டுங்கள், டப்பாவின் மேல் அது என்ன என்று ஒரு வரி எழுதி ஒட்டுங்கள்.